ஸ்பின்லாக் சுற்றும் எண்ணிக்கையைக் கூட்டினால் டேட்டாபேஸ் வேகமாகுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸை இன்டெல் சர்வரில் இருந்து 64 கோர் உள்ள ஏஆர்எம் சர்வருக்கு மாற்றியிருக்கிறீர்கள். கனெக்ஷன் குறைவாக இருக்கும்வரை நன்றாகப் போகிறது. நூறு, இருநூறு என்று ஏறினால் வேகம் கூடாமல் இறங்குகிறது, சிபியு மட்டும் முழுதாக ஓடுகிறது. சிபியு நேரம் எங்கே போகிறது என்று காட்டும் பெர்ஃப் கருவியை வைத்துப் பார்த்தால், ஸ்பின்லாக்குக்காகக் காத்திருக்கும் எஸ்_லாக் என்ற ஃபங்ஷன் முதல் வரியில் நிற்கிறது. ஸ்பின்லாக் (தூங்காமல் திரும்பத் திரும்ப முயன்று காத்திருக்கும் பூட்டு) எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்ணைக் கூட்டினால் சரியாகுமா, எல்லா பிராசசருக்கும் பொருந்துகிற ஒரு எண் உண்டா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. காத்திருப்பதை எப்படிச் செலவு குறைவாகச் செய்வது என்பது ஒன்று. இத்தனை ப்ராசஸ்கள் ஏன் ஒரே லாக்கின் வாசலில் நிற்கின்றன என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதில் பிராசசருக்குப் பிராசசர் மாறும். இரண்டாவது மாறாது, ஆதாயமும் அதில்தான் அதிகம். பல வருடமாக டேட்டாபேஸ் சர்வர்களின் வேகப் பிரச்சினைகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் இரண்டையும் சொல்கிறேன்.

ஸ்பின்லாக் என்பது மெமரியில் ஒரு சின்ன எண். 0 என்றால் திறந்திருக்கிறது, 1 என்றால் யாரோ வைத்திருக்கிறார்கள். எடுக்க வருகிறவர் 'பழைய மதிப்பைக் கொடு, 1 என்று எழுது' என்பதை, இடையில் யாரும் புக முடியாத ஒரே அணுச் (அட்டாமிக்) செயலாகச் செய்கிறார். பழைய மதிப்பு 0 என்றால் லாக் கிடைத்துவிட்டது. 1 என்றால் திரும்பத் திரும்ப முயற்சி. இவ்வளவுதான் விஷயம் என்று தோன்றும், ஆனால் செலவெல்லாம் அந்த எண் உட்கார்ந்திருக்கும் கேஷ் லைனில் (கோர் தன் அருகே வைத்துக்கொள்ளும் வேக மெமரியின் ஒரு துண்டு) இருக்கிறது. இன்டெல் வகைப் பிராசசரான எக்ஸ்86-இல் இதைச் செய்யும் எக்ஸ்சேஞ்ச் கட்டளை ஓடினால், லாக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தக் கேஷ் லைன் முழு உரிமையோடு அந்தக் கோருக்கு வந்தாக வேண்டும். மற்ற கோர்களிடம் இருக்கும் நகல்கள் எல்லாம் செல்லாததாகிவிடும். முப்பது கோர்கள் இப்படி விடாமல் முயன்றால் அந்த லைன் கோருக்குக் கோர் இழுபட்டுக்கொண்டே இருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், லாக்கை வைத்திருப்பவர் வேலையை முடித்து 0 எழுத வேண்டுமானாலும் அதே லைனை அவரும் திரும்பப் பிடித்தாக வேண்டும். காத்திருப்பவர்கள் சேர்ந்து விடுவிப்பவரையே தாமதப்படுத்துகிறார்கள். நீங்கள் பார்க்கும் 'கனெக்ஷன் ஏறினால் வேகம் இறங்குகிறது' என்ற வளைவு இங்கேதான் பிறக்கிறது.

அதனால்தான் சுற்றும்போது முதலில் வெறுமனே படித்துப் பார்ப்பது, 0 தெரிந்தால் மட்டும் அணுச் செயலை முயல்வது என்ற முறை வந்தது. படிப்பதற்கு நகல் போதும். எத்தனை கோர் வேண்டுமானாலும் நகலை வைத்துக்கொண்டு அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம், லைன் இழுபடாது. அப்படியானால் முதல் முயற்சியிலேயே படித்துப் பார்த்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலான நேரம் லாக் திறந்துதான் இருக்கும். படித்துவிட்டு எழுதினால், படிப்பதற்காக ஒருமுறை லைனை வரவழைத்து, எழுதுவதற்காக உரிமை கேட்டு இன்னொரு முறை போக வேண்டும். நேராக அணுச் செயலுக்குப் போனால் ஒரே நடை. போஸ்ட்கிரஸ் இதற்காகவே முதல் முயற்சிக்கு ஒரு மேக்ரோ, சுற்றும்போது இன்னொரு மேக்ரோ என்று பிரித்து வைத்திருக்கிறது. 2011-இல் கோர் எண்ணிக்கை அதிகமுள்ள இட்டானியம் சர்வரில் சோதித்துப் பார்த்தபோது, சுற்றும்போது முதலில் படிப்பது நல்ல பலன் தந்தது, அதையொட்டி வந்த மாற்றம் இது. 64 பிட் எக்ஸ்86-க்கும் அதே வழி. பழைய 32 பிட் எக்ஸ்86 பகுதியில் இன்றும் வேறு மாதிரி இருக்கிறது. சில இயந்திரங்களில் சின்ன லாபம், சிலவற்றில் சின்ன நஷ்டம், யாரும் மறுபடி சோதிக்கவில்லை என்று கோடிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை என்பதற்கு அந்தக் குறிப்பே போதும்.

அடுத்தது சுற்றுக்குச் சுற்று இடையில் எவ்வளவு ஓய்வு என்பது. உங்கள் கேள்விக்கு நேரான பதில் இங்கே இருக்கிறது. எக்ஸ்86-இல் பாஸ் என்ற இடைநிறுத்தக் கட்டளை உண்டு. அது இரண்டு காரியம் செய்கிறது. ஒன்று, ஒரே கோரில் ஓடும் இன்னொரு ஹைப்பர்த்ரெட்டுக்கு இடம் விடுகிறது. இரண்டாவது, சுற்றில் இருந்து வெளியேறும்போது 'மெமரி வரிசை தவறிவிட்டது' என்று பிராசசர் எண்ணி பைப்லைனையே (பாதி முடிந்து வரிசையில் நிற்கும் கட்டளைகளை) கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கும் செலவைத் தவிர்க்கிறது. இதைப் போட வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது எவ்வளவு நேரம் எடுக்கும்? இன்டெலின் ஸ்கைலேக் சிப்புக்கு முந்தைய தலைமுறைகளில் சுமார் 10 சைக்கிள் (சிப்பின் கடிகாரத் துடிப்பு), ஸ்கைலேக்கில் 140 சைக்கிள் வரை என்று இன்டெலின் ஆப்டிமைசேஷன் கையேடே சொல்கிறது. ஒரே கட்டளை, கம்பைல் ஆன ஒரே பைனரி, பதினாலு மடங்கு வித்தியாசம்.

இதனால் அடிபட்டது மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ். அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் ஒவ்வொரு சுற்றுக்கும் இடையே 0-க்கும் 6-க்கும் நடுவில் ஒரு எண்ணைத் தோராயமாக எடுத்து, அதை 50-ஆல் பெருக்கி, அத்தனை முறை பாஸ் போடுவார்கள். சராசரி 3 என்று வைத்துக்கொண்டால் 150 பாஸ். பழைய சிப்பில் அது 1,500 சைக்கிள், ஸ்கைலேக்கில் 21,000 சைக்கிள். தூங்கப் போகும் முன் இப்படி 30 சுற்று. 3 கிகாஹெர்ட்ஸ் என்று கணக்கிட்டால் முன்பு சுமார் 15 மைக்ரோ விநாடியில் முடிந்த காத்திருப்பு 200 மைக்ரோ விநாடியைத் தாண்டிவிடுகிறது. புது சர்வர் வாங்கிப் போட்டபின் வேகம் குறைந்ததாகப் பலர் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு 8.0.16 பதிப்பில் அந்த 50-ஐ மாற்றிக்கொள்ளத் தனி செட்டிங் கொடுத்தார்கள். மைஎஸ்கியூஎல்லில் இருந்து பிரிந்த மரியாடிபி இன்னும் ஒரு படி மேலே போய், ஆரம்பிக்கும்போதே பாஸ் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து பெருக்கு எண்ணைத் தானே அமைத்துக்கொள்கிறது. என்னைக் கேட்டால் சரியான அணுகுமுறை அதுதான். சுற்றும் எண்ணிக்கை என்பது நேரம் கிடையாது. அது நேரமாக மாறுவது ஒவ்வொரு சிப்பிலும் ஒவ்வொரு விதமாக.

சரி, உங்கள் ஏஆர்எம்முக்கு வருவோம். ஏஆர்எம்மில் யீல்ட் என்று ஒரு கட்டளை இருக்கிறது, பெயரைப் பார்த்தால் பாஸுக்கு இணை போலத் தெரியும். ஒரு கோருக்கு ஒரே த்ரெட் ஓடும் சிப்களில் அது அநேகமாக ஒன்றும் செய்யாமல் கடந்துவிடும். அதனால் காத்திருப்பவர்கள் மூச்சு விடாமல் மெமரியை நச்சரிப்பார்கள். பைப்லைனைக் காலி செய்து மறுபடி நிரப்ப வைக்கும் ஐஎஸ்பி என்ற கட்டளையைப் போட்டால் உண்மையான ஓய்வு கிடைக்கிறது என்று சோதனையில் தெரிந்தது, போஸ்ட்கிரஸ் 15-இல் இருந்து 64 பிட் ஏஆர்எம்முக்கு அதையே பயன்படுத்துகிறார்கள். கோர் அதிகமுள்ள சர்வர்களில் பலன் தெரிகிறது, சின்ன இயந்திரங்களில் பெரிதாக வித்தியாசம் இல்லை என்பதுதான் கோடில் அவர்கள் எழுதியிருப்பதும். உங்களுடையது 64 கோர், ஆகவே 14 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் இருந்தால் மேம்படுத்துவதற்கு இது ஒரு நல்ல காரணம்.

அதைவிட முக்கியமாக நீங்கள் பார்க்க வேண்டியது, உங்கள் பைனரி எந்த அணுக் கட்டளைகளோடு கம்பைல் ஆகியிருக்கிறது என்பது. ஏஆர்எம்வி8-இன் முதல் பதிப்பில் அணுச் செயலுக்கென்று ஒற்றைக் கட்டளை கிடையாது. 'படித்துக் குறித்து வை', பிறகு 'இடையில் யாரும் தொடவில்லை என்றால் எழுது' என்று இரண்டு கட்டளைகள். இடையில் வேறு கோர் தொட்டுவிட்டால் எழுதுவது தோற்று, ஆரம்பத்தில் இருந்து மறுபடி. நாலு கோரில் இது பிரச்சினை இல்லை. அறுபத்து நாலு கோர் ஒரே லைனுக்கு அடித்துக்கொள்ளும்போது தோல்விகள் குவிந்துவிடும். 8.1 பதிப்பில் எல்எஸ்இ என்ற பெயரில் ஒரே கட்டளையில் மாற்றி எழுதும் வசதி வந்தது. அமேசானின் கிராவிட்டான்2 முதலான சர்வர் சிப்களில் அது இருக்கிறது. ஆனால் வினியோகஸ்தர்கள் தரும் பைனரி பழைய சிப்களிலும் ஓட வேண்டும் என்பதால், பழைய முறையிலேயே கம்பைல் ஆகியிருக்க வாய்ப்பு உண்டு. ஜிசிசி கம்பைலரின் 10-ஆம் பதிப்பில் இருந்து, எந்த சிப் என்று ஓடும்போது பார்த்துப் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கும் துணை ஃபங்ஷன்களை அதுவே தானாகச் சேர்த்துவிடுகிறது. போஸ்ட்கிரஸ் பைனரியை, அதிலுள்ள கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியில் பிரித்து, ஏஆர்ச்64 என்று தொடங்கி ஸ்வாப், கேஸ் என்று வரும் துணை ஃபங்ஷன் பெயர்களோ, நேரடியாக எல்எஸ்இ கட்டளைகளோ தென்படுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இல்லை, எல்லா இடத்திலும் அந்த இரட்டைக் கட்டளைதான் என்றால், புதிய ஜிசிசியில் மறுபடி கம்பைல் செய்து பார்ப்பது மற்ற எதையும் விட முதலில் செய்ய வேண்டிய காரியம்.

மெமரி வரிசை பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்86-இல் எழுதியவை எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்குத் தெரியும், அதனால் லாக்கை விடுவிக்கச் சாதாரணமாக 0 எழுதினால் போதும், கம்பைலர் வரிசையை மாற்றாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஏஆர்எம், ஐபிஎம்மின் பவர் இரண்டிலும் அப்படி இல்லை, விடுவிக்கும் முன் வரிசையை உறுதிசெய்யும் தனிக் கட்டளை வேண்டும். போஸ்ட்கிரஸ் இதைச் சரியாகவே செய்கிறது. நீங்களே சி மொழியில் எழுதிய எக்ஸ்டென்ஷன் (போஸ்ட்கிரஸில் சேர்க்கும் கூடுதல் நிரல்) எதிலாவது சொந்தமாக லாக் வைத்திருந்தால்தான் கவலை. எக்ஸ்86-இல் வருடக்கணக்காக ஓடியது ஏஆர்எம்மில் எப்போதாவது ஒருமுறை தரவைக் கெடுக்கும். அது வேகப் பிரச்சினையைவிடப் பெரியது, இன்றைக்கே பாருங்கள்.

இப்போது சுற்றும் எண்ணிக்கை. போஸ்ட்கிரஸில் இதற்கு செட்டிங் கிடையாது, அது தானாகவே சரிசெய்துகொள்கிறது. ஒவ்வொரு ப்ராசஸும் 100 என்று ஆரம்பிக்கும். தூங்காமலே லாக் கிடைத்துவிட்டால் எண்ணை 100 கூட்டும், தூங்க வேண்டி வந்தால் 1 குறைக்கும். எல்லை 10-இல் இருந்து 1,000 வரை. அத்தனை சுற்றியும் கிடைக்காவிட்டால் 1 மில்லி விநாடி தூங்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கத்தைக் கூட்டி 1 விநாடி வரை போகும். 1,000 முறை தூங்கியும் கிடைக்காவிட்டால் லாக் மாட்டிக்கொண்டது என்று சர்வரையே நிறுத்தும். சோர்ஸை மாற்றி மேல் எல்லையை 10,000 ஆக்கலாம்தான். அதனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஸ்பின்லாக்குக்குள் நடக்கும் வேலை சில பத்துக் கட்டளைகள். ஆயிரம் சுற்று முடிந்தும் லாக் வரவில்லை என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. லாக்குக்கு முன்னால் கூட்டம் தாங்கவில்லை, இல்லாவிட்டால் லாக்கை வைத்திருப்பவரை கெர்னல் கோரை விட்டு இறக்கிவிட்டது. இரண்டாவது நிலையில் நீங்கள் எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. அவர் ஓட வேண்டிய கோரை நீங்களே பிடித்து வைத்துச் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

கெர்னலுக்குள் இருக்கும் ஸ்பின்லாக்குக்கும் நம்முடையதற்கும் அடிப்படை வித்தியாசம் இது. கெர்னல் லாக்கை வைத்திருக்கும்போது தன்னை யாரும் இறக்கிவிடாமல் தடுத்துக்கொள்ள முடியும், சாதாரண ப்ராசஸுக்கு அந்த அதிகாரம் இல்லை. லினக்ஸ் கெர்னல், வந்த வரிசையிலேயே லாக் கொடுக்கும் முறைகளான 2008-இல் டிக்கெட் லாக்குக்கும் 2015-இல் கியூ லாக்குக்கும் போனதைப் பார்த்து, டேட்டாபேஸிலும் அப்படியே செய்யலாமே என்று சிலர் கேட்பதுண்டு. 1991-இல் வெளிவந்த எம்சிஎஸ் லாக் முறையில் ஒவ்வொருவரும் தன் சொந்தக் கேஷ் லைனைப் பார்த்துச் சுற்றுவார், லைன் இழுபறியே இருக்காது, அழகான யோசனை. ஆனால் வரிசை கட்டாயம் என்பதால், வரிசையில் அடுத்து நிற்கும் ப்ராசஸ் தூங்கிக்கொண்டிருந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாரும் லாக் காலியாக இருந்தும் காத்திருக்க வேண்டும். கோர்களைவிட ப்ராசஸ்கள் அதிகமாக ஓடும் சர்வரில் இது தினசரி நடக்கும். அதனால் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதிலிருந்தே நேரடியாக ஒரு காரியம் வருகிறது. 64 கோரில் ஒரே சமயத்தில் 300 ப்ராசஸ் வேலை செய்தால், லாக்கை வைத்திருப்பவர் இறக்கிவிடப்படும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். கனெக்ஷன்களை வரிசையில் நிறுத்திப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் போன்ற ஒன்றை முன்னால் வைத்து, உண்மையில் ஓடும் கனெக்ஷனை கோர் எண்ணிக்கைக்கு அருகில் நிறுத்துங்கள். கோடில் ஒரு வரி மாற்றாமல் எஸ்_லாக் பெர்ஃப் பட்டியலில் கீழே இறங்கிவிடுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். விர்ச்சுவல் மெஷினில் ஓடுகிறது என்றால் ஸ்டீல் டைமையும் (சிபியு கிடைக்காமல் காத்திருந்த நேரம்) பாருங்கள். அங்கே விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் ஹைப்பர்வைசரே லாக் வைத்திருப்பவரை இறக்கிவிடலாம், உள்ளே இருக்கும் கெர்னலுக்கு அது தெரியாது.

இனி இரண்டாவது கேள்வி, எந்த லாக் என்பது. எஸ்_லாக் முதலிடம் என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பெர்ஃப்பில் கால் கிராஃபோடு பதிவு செய்து, எஸ்_லாக்கை யார் அழைக்கிறார்கள் என்று பாருங்கள். போஸ்ட்கிரஸ் 16 முதல் ஸ்பின்டிலே என்ற வெயிட் ஈவென்ட்டும் உண்டு, ஸ்பின்லாக்குக்காகத் தூங்கப் போனவர்கள் யார் என்ன செய்கிறார்கள் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி பட்டியலில் அந்தப் பெயரில் தெரிவார்கள். அழைப்பது, மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் டபிள்யூஏஎல் பதிவேட்டில் இடம் பிடிக்கும் ஃபங்ஷன் என்றால், எல்லாரும் ஒற்றை ஸ்பின்லாக்குக்குள் நுழைந்து 'அடுத்த பதிவுக்கு இவ்வளவு பைட்' என்று ஒரு எண்ணை நகர்த்திவிட்டு வெளியேறுகிறார்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு வரியையும் தனித்தனி இன்சர்ட்டாக அனுப்பினால் வரிக்கு ஒரு பதிவு, ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் ஒரு பதிவு. காப்பி கட்டளையில் ஏற்றினால் ஒரு பக்கத்துக்குள் விழும் பல வரிகள் ஒரே பதிவாகிவிடும். பயன்படாத இண்டெக்ஸ்களைத் தூக்கினாலும் அந்த லாக்குக்குப் போகும் நடை குறையும். அழைப்பது, குவெரிகளின் கணக்கு வைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷன் என்றால் கதை வேறு. ஒரே குவெரியை எல்லாரும் ஓடவிட்டால், அந்தக் குவெரியின் கணக்கை ஏற்றும்போது எல்லாரும் ஒரே ஸ்பின்லாக்கில் மோதுவார்கள். அந்த எக்ஸ்டென்ஷனை நிறுத்திவிட்டு ஒருமுறை அளந்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

போஸ்ட்கிரஸின் வரலாற்றைப் பார்த்தாலும் பெரிய முன்னேற்றங்கள் ஸ்பின்லாக்கை வேகப்படுத்தியதால் வரவில்லை, அதை எடுத்துவிட்டதால் வந்தவை. 9.5-க்கு முன்பு, ப்ராசஸ்கள் பகிரும் தரவைக் காக்கும் ஒவ்வொரு லைட்வெயிட் லாக்குக்குள்ளும் ஒரு ஸ்பின்லாக் இருந்தது. படிக்க மட்டும் வந்தவர்கள்கூட அதைப் பிடித்து விட வேண்டும். 9.5-இல் அதை அணுச் செயலாக மாற்றினார்கள். 9.6-இல், மெமரியில் உள்ள பக்கத்தை (பஃபர்) பயன்பாட்டில் இருப்பதாகக் குறித்து 'பின்' செய்வதையும் அப்படியே மாற்றினார்கள். கோர் அதிகமுள்ள சர்வர்களில் படிக்கும் வேலைகள் மேலே ஏற முடிந்தது இவற்றால். நீங்கள் சொந்தமாக எக்ஸ்டென்ஷன் எழுதுகிறீர்கள் என்றாலும் இதே வரிசையில் யோசியுங்கள். எண்ணிக்கை ஏற்றுவதற்காக மட்டும் ஸ்பின்லாக் வைத்திருந்தால் அதை அணுக் கூட்டலாக்குங்கள். லாக் தேவைதான் என்றால், அடிக்கடி மாறும் வேறு எண்கள் அதே கேஷ் லைனில் உட்காராமல் இடைவெளி விடுங்கள். எக்ஸ்86-இல் லைன் 64 பைட், ஆனால் பக்கத்து லைனையும் சேர்த்து இழுக்கும் பழக்கம் சில சிப்களுக்கு உண்டு. பவரில் 128, ஐபிஎம் மெயின்ஃபிரேமில் 256. போஸ்ட்கிரஸ் 128 என்று வைத்திருக்கிறது, பெரும்பாலான இடங்களுக்கு அது போதும்.

இவற்றில் சுற்றும்போது படித்துவிட்டு முயல்வது, எல்எஸ்இ, கனெக்ஷனைக் குறைப்பது, லாக்குக்குப் போகும் நடையைக் குறைப்பது எல்லாம் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஓய்வுக் கட்டளை எவ்வளவு பலன் தரும் என்பது உங்கள் சிப்பையும் வேலையையும் பொறுத்தது, இங்கிருந்தபடி ஒரு சதவீதம் சொன்னால் அது ஊகமாகத்தான் இருக்கும். போஸ்ட்கிரஸின் வேகச் சோதனைக் கருவியான பிஜிபெஞ்ச்சில் ஒரே டேட்டாவை வைத்து 16, 32, 64, 128, 256 கனெக்ஷன் என்று படிப்படியாக ஓட்டி, ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி வரைந்து பாருங்கள். 64 வரை ஏறி அதன்பின் சரிகிறது என்றால் கூட்டம்தான் காரணம். 32-லேயே சரியத் தொடங்கினால் பைனரியின் அணுக் கட்டளைகளையும் அந்த ஒற்றை லாக்கையும் சந்தேகியுங்கள். போஸ்ட்கிரஸ் பதிப்பு எண், ஆப்ஜ்டம்ப்பில் தெரிந்தது, எஸ்_லாக்கை அழைக்கும் முதல் இரண்டு ஃபங்ஷன்களின் பெயர், இந்த மூன்றையும் இங்கே போட்டால் அடுத்து எதைத் தொடலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.